ஃபைப்ரோமயால்ஜியா: நோயைக் கண்டுபிடிப்பது முதல் வலியைச் சமாளிப்பது வரை முழுமையான வழிகாட்டி

உடம்பெல்லாம் வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். இது ஃபைப்ரோமயால்ஜியா என்ற நீடித்த வலி நோயாக இருக்கலாம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் டாக்டர் மாற்றி டாக்டர் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அக்காவுக்காக ஓ.பி. வரிசைகளில் நின்றேன். அப்புறம் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருக்குத் துணையாகப் போனேன். அதில் கண்டது இதுதான்: பெரும்பாலோர் சிரமப்படுவது முயற்சி போதாமல் இல்லை, வரிசை மாறுவதால். ஸ்கேனில் தொடங்கி மாத்திரையில் நின்றுவிடுகிறார்கள். தூக்கமும் நடையும் கணக்கிலேயே வருவதில்லை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். மருந்து பற்றிச் சொல்வதெல்லாம் உங்கள் டாக்டரிடம் பேசுவதற்காக, நீங்களே வாங்கிப் போடுவதற்கு அல்ல.

1. அவசரமான அறிகுறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஃபைப்ரோமயால்ஜியா கடுமையாக வலிக்கும், ஆனால் மூட்டையோ தசையையோ அழிக்காது. அழிக்கக்கூடிய வேறு நோய்கள் இதே வேஷத்தில் வரும். அதனால்தான் இந்தப் படி முதலில்.

விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்கிச் சூடாக இருப்பது, ஒரு கையோ காலோ வலுவிழப்பது, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, திரும்பத் திரும்ப வாய்ப்புண் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் குறிப்பெழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலும், நெஞ்சுவலியோடு வியர்த்து மூச்சு வாங்கினாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு.

காலை விறைப்பையும் கவனியுங்கள். விரல்கள் மடங்க அரைமணி, ஒரு மணி நேரம் ஆகி, நடமாட நடமாட வலி குறைந்தால் அது மூட்டு அழற்சியின் சாயல். ஃபைப்ரோமயால்ஜியாவிலும் காலையில் உடம்பு விறைக்கும், ஆனால் வேலை செய்யச் செய்ய வலி ஏறுவதே வழக்கம்.

2. இரண்டு வாரம் குறிப்பு எடுங்கள்

இது இல்லாமல் போகிறவர்கள் டாக்டரிடம் சொல்வது ஒரே வாக்கியம்: "உடம்பெல்லாம் வலிக்குது." அதை வைத்து எந்த டாக்டராலும் எங்கும் போக முடியாது. வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நீளமாக எழுத வேண்டாம். எழுதுவதே பாரமானால் நான்காம் நாள் நின்றுவிடும். ஒரு நாளைக்கு நான்கைந்து வரி போதும். ஒரு மாதிரி:

"செவ்வாய். இரவு 11 முதல் 6 வரை படுக்கை, மூன்று தடவை விழிப்பு. காலையில் வலி 7, மாலையில் 5. அசதி 8. கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை. காலையில் துணி துவைத்தேன், மதியம் எழ முடியவில்லை. வலி மாத்திரை ஒன்று, பலனில்லை. அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிட்டேன்."

கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. மறதி, பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் தவிப்பது, கணக்கு பிசகுவது எல்லாம் இந்த நோயின் பகுதிதான். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

குறிப்பின் பின்பக்கத்தில் ஒரு மனித உருவத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, கடந்த ஒரு வாரத்தில் வலித்த இடங்களை நிழலிடுங்கள். டாக்டர்கள் எண்ணுவது 19 இடங்கள்: தாடை, தோள், மேல்கை, முன்கை, இடுப்பெலும்புப் பக்கம், தொடை, கெண்டைக்கால் இவை இரண்டு பக்கமும், கூடவே கழுத்து, மேல்முதுகு, கீழ்முதுகு, மார்பு, வயிறு. இந்த ஒரு படம் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

வலி எப்படிப்பட்டது என்பதையும் பிரித்து எழுதுங்கள். குடைச்சலா, எரிச்சலா, கடுப்பா, மதமதப்பா? நம் ஊரில் எல்லாவற்றையும் மூட்டுவலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சதையில் இருக்கும் வலியை மூட்டுவலி என்றால் முழங்கால் எக்ஸ்ரேயோடு பேச்சு முடிந்துவிடும்.

3. யாரைப் பார்ப்பது

நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகத் தேவையில்லை. பொதுமருத்துவம் படித்த, பொறுமையாகக் கேட்கும் ஒரு டாக்டரில் தொடங்குங்கள். தைராய்டு, சர்க்கரை, சத்துக் குறைபாடு போன்றவற்றை அவரே பார்த்துவிடுவார். அதற்கப்புறமும் சந்தேகம் இருந்தால், அல்லது மூட்டு வீக்கம் இருந்தால், ரூமட்டாலஜி டாக்டர். எலும்பு டாக்டரும் ரூமட்டாலஜி டாக்டரும் ஒன்றல்ல. முன்னவர் எலும்பு முறிவு, தேய்மானம், அறுவை சிகிச்சை பார்ப்பவர். மூட்டு அழற்சி, லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்), ஃபைப்ரோமயால்ஜியா எல்லாம் பின்னவர் துறை.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் ரூமட்டாலஜிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனையில் சிறப்புப் பிரிவு ஓ.பி. எல்லா நாளும் நடக்காது. எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வலியோடு பஸ் ஏறிப் போய், "இன்னைக்கு இல்லம்மா" என்று திரும்பி வருவது மறுநாளையும் சேர்த்துக் கெடுக்கும்.

4. டாக்டர் முன்னால் பேசுவது

கிடைப்பது சில நிமிடங்கள். கனமான ஃபைலை மேஜையில் வைத்தால் அவர் தாளைத்தான் புரட்டுவார், உங்களைப் பார்க்க நேரம் இருக்காது. ஒரே பக்கச் சுருக்கம் எழுதி ஃபைலின் மேல் வையுங்கள். எப்போது தொடங்கியது, எங்கெங்கே, தூக்கம் எப்படி, இப்போது சாப்பிடும் மருந்துகள், முன்பு எடுத்துப் பலன் தராதவை, வீட்டில் யாருக்காவது மூட்டு நோய் உண்டா. அவ்வளவுதான்.

வாயைத் திறந்ததும் இப்படித் தொடங்கலாம்: "டாக்டர், ஏழு மாசமா கழுத்து, ரெண்டு தோள், இடுப்பு, ரெண்டு தொடை வலிக்குது. வீக்கம் இல்லை. எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின மாதிரியே இல்லை. ஞாபகம் நிக்க மாட்டேங்குது. இது ஃபைப்ரோமயால்ஜியாவா இருக்குமா, இல்ல வேற ஏதாவது பார்க்கணுமா?"

கடைசிக் கேள்வியை அந்த வடிவிலேயே கேளுங்கள். "எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா" என்று முடிவோடு போனால் சிலருக்குப் பிடிக்காது. கேள்வியாகக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்று விஷயங்களைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். கொழுப்புக்கு ஸ்டாடின் மாத்திரை சாப்பிட்டால் சொல்லுங்கள், அதுவே தசைவலி தரலாம். வலி சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் தொடங்கியிருந்தால் சொல்லுங்கள், அந்தக் காய்ச்சலின் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கும், அதற்கு வைத்தியம் வேறு. பெயர் தெரியாத பொடியோ உருண்டையோ சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டர் சொல்லும்படி குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் பேசுவது நீங்களாக இருக்கட்டும். "இவளுக்கு எப்பவுமே ஏதாவது ஒரு வலி சார்" என்று கணவர் ஆரம்பித்துவிட்டால், டாக்டரின் கண் நோயாளியிடமிருந்து கணவருக்குப் போய்விடுகிறது. இதை நான் பல தடவை பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். துணைக்கு வருபவரின் வேலை கேட்பதும் எழுதிக்கொள்வதும். வீட்டிலேயே இதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

5. எந்த டெஸ்ட் வேண்டும், எது வேண்டாம்

ஃபைப்ரோமயால்ஜியாவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. டெஸ்ட் எடுப்பது வேறு நோய் இல்லை என்று பார்க்கத்தான். பொதுவாகப் போதுமானவை: முழு ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டுக்கு டி.எஸ்.எச்., தசை நொதியான சி.கே. இவற்றோடு சர்க்கரை, வைட்டமின் டி, பி12 ஆகியவற்றையும் நம் ஊர் டாக்டர்கள் சேர்ப்பது நியாயமே. இந்தக் குறைபாடுகள் இங்கே சாதாரணம், சரிசெய்யவும் முடியும். வைட்டமின் டி மிகவும் குறைந்தால் எலும்பு மென்மையாகி, தரையிலிருந்து எழவே கஷ்டமாகும். அதைச் சதைவலி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

முடக்குவாதம் என்ற மூட்டு அழற்சிக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், லூபஸுக்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. போன்றவை அறிகுறி இருந்தால் மட்டும். லேபில் பேக்கேஜ் மலிவு என்று சொல்லி எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஏ.என்.ஏ. குறைந்த அளவில் பாசிட்டிவ் என்பது ஆரோக்கியமானவர்களிடமும் கணிசமாக வரும். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு லூபஸ் என்று பயந்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களைத் தெரியும். எம்.ஆர்.ஐ.யும் அப்படித்தான். முதுகுவலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் டிஸ்க் பிதுக்கம் பலருக்கு இருக்கும். அதைக் காரணமாகப் பிடித்துக்கொண்டால் ஊசி, பெல்ட், அறுவை சிகிச்சை என்று பாதை மாறிவிடும்.

எல்லாம் நார்மல் என்று வந்தால் மனசு உடைந்துபோகிறது. நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, நடிக்கிறேன் என்று நினைப்பார்களே என்று. அப்படி இல்லை. இந்த நோயில் கோளாறு இருப்பது வலியைக் கையாளும் நரம்பு மண்டலத்தில். மூளையும் தண்டுவடமும் வலியைப் பெருக்கிக் காட்டுகின்றன. அது ரத்தத்தில் தெரியாது, வலி உண்மை.

6. நோயின் பெயரை உறுதியாகக் கேட்டு வாங்குங்கள்

"ஒண்ணும் இல்ல, டென்ஷன் குறைங்க" என்பது நோயறிதல் ஆகாது. ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதிசெய்ய அமெரிக்க ரூமட்டாலஜி கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் அளவுகோல் இருக்கிறது. 1990இல் வந்தது உடம்பில் 18 இடங்களை அழுத்தி 11இல் வலி இருக்கிறதா என்று பார்த்தது. இன்னமும் அதை மட்டும் வைத்து, "11 வரல, அதனால இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. 2010இல் வந்த அளவுகோலில் அழுத்திப் பார்ப்பது கட்டாயமில்லை. 2016இல் அதைத் திருத்தினார்கள்.

கணக்கு இப்படி: 19 இடங்களில் எத்தனை வலிக்கிறது என்பது ஒரு எண். அசதி, தூங்கி எழுந்தும் புத்துணர்ச்சி இல்லாமை, மறதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3; கடந்த ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் தலா 1. இது இரண்டாவது எண், அதிகபட்சம் 12. ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்ல முதல் எண் 7 அல்லது மேல், இரண்டாவது 5 அல்லது மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் எண் 4 முதல் 6, இரண்டாவது 9 அல்லது மேல். கூடவே இடது மேல், வலது மேல், இடது கீழ், வலது கீழ், நடுவுடல் என்ற உடம்பின் ஐந்து பகுதிகளில் குறைந்தது நான்கில் வலி இருக்க வேண்டும் (தாடை, மார்பு, வயிறு இதில் சேராது), மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

வேறு நோய் இருந்தாலும் இது இருக்கலாம் என்பதை அந்தத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. முடக்குவாதத்தோடும் லூபஸோடும் சேர்ந்தே வருவதுண்டு. அதனால் இந்தப் பெயர் கிடைத்துவிட்டது என்று முடக்குவாத மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த டாக்டரிடம் போகும்போது முதலிலிருந்து ஆரம்பிக்காமல் இருக்க அது ஒன்றே வழி.

7. சிகிச்சையைத் தூக்கத்தில் தொடங்குங்கள்

தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் அன்றிரவு தூக்கம் கெடும். இந்தச் சுற்றை உடைக்காமல் நடக்கப் போனால் இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள். அதனால்தான் உடற்பயிற்சிக்கு முன் இதை வைக்கிறேன்.

எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள், படுக்கும் நேரத்தை அல்ல. எப்படித் தூங்கியிருந்தாலும் அதே நேரத்துக்கு எழுங்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். மதியத் தூக்கம் அரைமணிக்குள். இவை போதாவிட்டால் டாக்டரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறுவது இருந்தால் தூக்கப் பரிசோதனை. படுத்ததும் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை என்றால் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். இரண்டுக்கும் தனி வைத்தியம் உண்டு. அதைச் செய்யாமல் தூக்க மாத்திரை போட்டுப் பயனில்லை.

8. உடற்பயிற்சி: குறைவாகத் தொடங்கி, விடாமல்

ஐரோப்பிய ரூமட்டாலஜி அமைப்பு வெளியிட்ட பரிந்துரைகளில் "வலுவாக" என்ற தகுதியோடு வந்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். மருந்துகளுக்கெல்லாம் அதைவிடக் குறைந்த தகுதியே. ஆனால் நோயாளிகள் முதலில் கைவிடுவதும் இதைத்தான், ஏனென்றால் தொடங்கும் விதம் தவறு. டாக்டர் "நடங்க" என்கிறார், மறுநாளே முக்கால் மணி நேரம் நடக்கிறார்கள், மூன்று நாள் படுக்கை. "எனக்கு நடை ஒத்துக்கல" என்று முடிவாகிவிடுகிறது.

உங்கள் மிக மோசமான நாளிலும் செய்ய முடிந்த அளவு எதுவோ அதுதான் தொடக்கம். சிலருக்கு அது தெருமுனை வரை போய்த் திரும்பும் ஐந்து நிமிடம். வெயில் பிரச்சினை என்றால் மொட்டைமாடி, இல்லாவிட்டால் வீட்டுக் கூடம். ஒரு வாரம் அதே அளவு. அடுத்த வாரம் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். நன்றாக இருக்கும் நாளிலும் அதற்கு மேல் போகாதீர்கள். உண்மையில் கடினமான பகுதி இதுதான்.

தொடக்கத்தில் வலி சற்றுக் கூடும். ஒன்றிரண்டு நாளில் பழைய நிலைக்கு வந்தால் சரி. மூன்றாம் நாளும் இறங்கவில்லை என்றால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். வாரம் மூன்று நாள், 20 முதல் 30 நிமிடம் என்ற இடத்துக்கு வர மாதங்கள் ஆகலாம். அப்புறம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று தசை வலுவூட்டும் பயிற்சி சேர்க்கலாம். மெதுவான யோகாசனமும் உதவும், ஆனால் முதல் வாரமே பன்னிரண்டு சூரிய நமஸ்காரம் வேண்டாம். தை சி என்ற மெதுவான சீனப் பயிற்சி, வேகநடை போன்ற பயிற்சிகளுக்கு இணையாகவோ கூடுதலாகவோ பலன் தந்ததாக 2018இல் ஓர் ஆய்வு வந்தது. எதைத் தேர்ந்தாலும் பரவாயில்லை, தொடர்ந்து செய்ய முடிவதாக இருக்கட்டும்.

வீட்டு வேலைக்கும் இதே விதிதான். துணி துவைக்கும் நாளில் மாவு அரைக்க வேண்டாம். வாளியில் பாதித் தண்ணீர். காய் நறுக்க உட்காருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வேலையை மாற்றுங்கள். வலி வந்தபின் ஓய்வெடுப்பதைவிட வருவதற்கு முன் எடுப்பதுதான் பலன் தரும். பொங்கல், தீபாவளிக்கு வீடு முழுக்க ஒரே நாளில் ஒட்டடை அடித்துவிட்டுப் பண்டிகை அன்று எழ முடியாமல் கிடப்பது வருஷாவருஷம் நடக்கிறது. அந்த வேலையைப் பத்து நாளாகப் பிரியுங்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் பங்கு போடுங்கள்.

9. மருந்து: எதற்கு, எவ்வளவு எதிர்பார்க்கலாம்

வலியை முழுக்க எடுக்கும் மருந்து இல்லை. மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே நல்ல பலன். அந்த இடைவெளியில் தூங்கவும் நடக்கவும் முடியும் என்பதுதான் மருந்தின் பயன்.

அமிட்ரிப்டிலின் இரவில் குறைந்த அளவில், பெரும்பாலும் 10 மி.கி.யில் தொடங்குவார்கள். வாய் உலரும், மலம் இறுகும், காலையில் மந்தமாக இருக்கும். டுலோக்ஸெட்டின் முதல் வாரங்களில் குமட்டும், சாப்பிட்டபின் போட்டால் குறையும். ப்ரீகாபலின் தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் தரலாம். டூவீலர் ஓட்டுபவர்கள் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியும் வரை ஓட்ட வேண்டாம். கண் அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரக நோய், கர்ப்பம் எதுவானாலும் மருந்து எழுதும் முன் சொல்லுங்கள். டிரமடால் என்ற வலி மருந்தை இவற்றோடு நீங்களாகச் சேர்க்காதீர்கள். சில சேர்க்கைகள் ஆபத்தானவை.

அக்காவுக்கு அமிட்ரிப்டிலின் எழுதியபோது உறவுக்காரர் ஒருவர் செல்போனில் தேடி, "இது மனநோய் மாத்திரை" என்று கிளப்பிவிட்டார். மனச்சோர்வுக்குத் தரும் அளவு வேறு, இதற்குத் தரும் அளவு அதைவிட மிகக் குறைவு. வலியைக் கடத்தும் நரம்புப் பாதையில் இது வேலை செய்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் நிறுத்திவிட்டுப் பலனில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. நல்லபடியாக எடுத்தும் இரண்டு மூன்று மாதத்தில் மாற்றமே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லிக் குறைத்து நிறுத்துங்கள். இவற்றையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினமும் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். ஸ்டீராய்டு ஊசிக்கும் இதில் இடமில்லை.

மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுங்கள். வலி கற்பனை என்பதால் அல்ல, இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதால். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

10. வலி ஏறும் நாட்களும், வேலை இடமும்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே வலி எகிறும். தூக்கம் கெட்ட இரவு, காய்ச்சல், வீட்டில் சச்சரவு, நீண்ட பஸ் பயணம் ஆகியவை வழக்கமான காரணங்கள். அந்த நாட்களுக்கான திட்டத்தை நன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்: எந்த வேலையைத் தள்ளிப்போடலாம், சாப்பாட்டுக்கு என்ன வழி, யாரிடம் உதவி கேட்பது. வெந்நீர்க் குளியலும் ஒத்தடமும் சிலருக்கு நல்ல ஆறுதல். நடையைப் பாதியாகக் குறைக்கலாம். முழுநாளும் படுத்துவிட்டால் மறுநாள் எழுவது இன்னும் கஷ்டம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 21 வகைப் பட்டியலில் ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. அதனால் இந்தப் பெயரில் சான்றிதழுக்கு அலைவதைவிட, வேலையிடத்துக்கு டாக்டர் கடிதம் வாங்குவது பயனுள்ளது. கடிதத்தில் நோய்ப் பெயர் மட்டும் போதாது. மணிக்கொரு தடவை எழுந்து நடக்க அனுமதி, நின்றே செய்யும் வேலைக்கு நாற்காலி, இரவு ஷிஃப்ட் தவிர்ப்பு என்று வேண்டியதைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பொதுவாக எழுதினால் மேலாளருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

11. புது அறிகுறி வந்தால்

பெயர் கிடைத்த பின் வருகிற பெரிய ஆபத்து, எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதுவது. முன்பு இல்லாத இடத்தில் வலி, மூட்டு வீக்கம், மரத்துப்போதல், நெஞ்சு அழுத்தம், எடை இழப்பு எது வந்தாலும் புது நோய் என்றே நினைத்துக் காட்டுங்கள். "அது ஃபைப்ரோமயால்ஜியாதான்" என்று டாக்டர் பரிசோதிக்காமல் சொன்னால், தொட்டுப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். பழைய வலியே மாறாமல் இருந்தால் ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. தூக்கம், நடை, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றைப் பார்க்கச் சில மாதங்களுக்கு ஒரு முறை ஒரே டாக்டரிடம் போனால் போதும்.